மாடியில் இருபத்திரண்டு ஜாடிகள்

மே 10, சனி

ரேணுகா இன்று காலை பெங்களூரு கிளம்பினாள். ஏதோ ஓர் அலுவலகத்தின் வரவேற்பறை முழுக்கக் கண்ணாடித் தோட்டம் வைக்க வேண்டுமாம். மூன்று வாரம் ஆகுமாம்.

என் தங்கைக்கு முப்பத்தொன்பது வயது. அப்பா கட்டிய இந்த வீட்டில் நாங்கள் கீழே, அவள் மாடியில். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடி ஜாடிக்குள் மண்ணும் பாசியும் குட்டிச் செடியும் வைத்து விற்கிறாள். டெர்ரேரியம் என்று பேர். வாங்குகிறவர்கள் இருக்கும்போது நான் என்ன சொல்ல.

விற்காமல் தனக்கென்று வைத்திருப்பது இருபத்திரண்டு ஜாடி. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை யாரிடம் கொடுத்தாள்? நிரஞ்சனாவிடம். மாடிச் சாவியை என் கண் முன்னால் அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, "நிரு கண்ணு, உன்ன நம்பித்தான் போறேன்" என்றாள். நிரு என் மகள். பதினேழு வயதாகிறது. பெற்றவள் பக்கத்திலேயே தூக்குப் பாத்திரத்தோடு நிற்கிறேன். தங்கைக்கு வழியில் சாப்பிடக் கட்டிய புளிசாதம் அது. அதை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மே 11, ஞாயிறு

ஃபிரிட்ஜ் கதவில் நிரு ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். சித்தி சொல்லச் சொல்ல இவள் எழுதியதாம். என் வாழ்நாளில் நான் சொன்ன எதையும் இவள் எழுதி ஒட்டியதில்லை.

திறந்த ஜாடி ஒன்பது. வாரம் ஒரு முறை, கண்ணாடி ஓரமாக இரண்டு ஸ்பூன் தண்ணீர். மூடி போட்ட ஜாடி பன்னிரண்டு. காலையில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் ஒரு சொட்டும் கூடாது. பெரிய ஜாடி ஒன்று. அதன் மூடியைத் தொடவே கூடாது. இதற்கெல்லாம் கீழே சிவப்பு மையில், 'நல்ல தண்ணி மட்டும்.'

எங்கள் கோயமுத்தூரில் இதைச் சிறு பிள்ளைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. முறை வைத்து விடுகிற சிறுவாணித் தண்ணீர் நல்ல தண்ணீர். குடிக்க, சமைக்க. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றுவது உப்புத் தண்ணீர். துவைக்க, கழுவ. ரேணுகாவின் பாசிக்கு நாங்கள் குடிக்கிற தண்ணீர் வேண்டும்.

மே 13, செவ்வாய்

நிரு பன்னிரண்டாம் வகுப்பில் 541. நான் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் எடுக்கிறேன். இருபது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை ஆடிட்டர் ஆக்கி அனுப்பியிருக்கிறேன். என் பிள்ளையை மட்டும் ஆக்க முடியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே அவள் சித்தி நடுவில் புகுந்து உயிரியல் எடுக்க வைத்தாள். இப்போது தோட்டக்கலைக் கல்லூரியாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 5. வெளியூர்க் கல்லூரி, விடுதி. நாலு வருஷம் முடித்துவிட்டுச் சித்தியோடு சேர்ந்து தொழில் செய்வாளாம். எல்லாம் பேசி முடித்துவிட்டு எனக்குச் சொல்கிறார்கள்.

இவரிடம் சொன்னேன். "அவ ஆசப்படறத படிக்கட்டுமே" என்று சொல்லிவிட்டு பம்ப்செட் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். இந்த வீட்டில் ஆசைப்பட எனக்கு மட்டும்தான் உரிமை இல்லை.

பி.காம். சேர்க்கைக்கான படிவத்தை வாங்கி நிருவின் மேஜைமேல் வைத்தேன். மாலையில் பார்த்தால் அதன்மேல் ஒரு ஜாடி உட்கார்ந்திருக்கிறது.

மே 15, வியாழன்

ஒட்டுக் கேட்கவில்லை. மாடியில் துணி எடுக்கப் போனேன், கதவு திறந்திருந்தது, குரல் வந்தது. அவ்வளவுதான்.

நிரு வீடியோ காலில் ஒவ்வொரு ஜாடியாகக் காட்டிக்கொண்டிருந்தாள். ரேணுகா அங்கிருந்து ஆகா ஓகோ என்கிறாள். பிறகு பேச்சு எங்கோ போயிற்று. நீச்சல் வகுப்பில் முந்தாநாள் ஆழமான பக்கம் போய் மூச்சு முட்டி, மாஸ்டர் இழுத்துப் போட்டாராம். "செத்தே போயிட்டேன்னு நெனச்சேன் சித்தி" என்கிறாள் என் மகள்.

முந்தாநாள் வீட்டுக்கு வந்தவள் என்னிடம் கேட்டது, டிபன் என்ன என்பதுதான்.

"அம்மாட்ட சொன்னியா கண்ணு?"

"சொன்னா ரெண்டு மணி நேரம் பாடம் எடுப்பாங்க. அப்பறம் வகுப்புக்கே அனுப்ப மாட்டாங்க."

ரேணுகா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அம்மா இருந்த காலத்திலேயே தெரியும். காய்ந்த துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

மே 16, வெள்ளி

நிரு ஏழு மணிக்கு நீச்சலுக்குப் போனாள். எட்டரைக்குத்தான் வருவாள். சாவி ஃபிரிட்ஜின் மேலேதான் கிடக்கும்.

பெரிய ஜாடியை இத்தனை நாள் நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. நிருவுக்கு எட்டு வயதாக இருந்தபோது, நான் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்த கோடையில், இருவரும் சேர்ந்து செய்தது. வால்பாறைச் சாலையோரத்தில் பிடுங்கி வந்த பெரணிச் செடி. அன்று மூடியது. ஒன்பது வருஷமாகத் திறக்கவில்லை. உள்ளேயே ஆவியாகி, உள்ளேயே சொட்டி, தன் தண்ணீரைத் தானே குடித்துக்கொள்கிறதாம். வெளியிலிருந்து யாரும் எதுவும் தர வேண்டாமாம். வருகிறவர்கள் எல்லோரிடமும் ரேணுகா இதைச் சொல்லிப் பெருமைப்படுவாள். "நானும் நிருவும் வெச்சது."

மூடி இறுகியிருந்தது. துணி சுற்றித் திருகினேன். மழை விட்ட காட்டின் வாசனை அடித்தது. செடி என்று இருந்தால் தாகம் என்று ஒன்று இருக்காதா? ஒரு செம்பு ஊற்றினேன். மாடிக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறதோ அதுதான். மூடியைப் பழையபடி வைத்துவிட்டேன்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் பாவம் என்று சொன்னதில்லை.

மே 17, சனி

இன்றும்.

மே 18, ஞாயிறு

நிருவுக்கு ஞாயிறும் நீச்சல் உண்டு. மற்றவையும் வறண்டாற்போலத் தெரிந்தன. அவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

மே 20, செவ்வாய்

நல்ல வெயில். வற்றல் போட்டேன். கொத்தவரங்காய் ஒரு படி, சுண்டைக்காய் அரைப்படி. துணி துவைத்தேன். மாடி வேலை முடிந்தது.

நிரு தாளில் இன்றைய தேதிக்கு நேரே 'ஆவி இருக்கு, ஊத்தல' என்று குறித்திருக்கிறாள். பொறுப்பாகத்தான் இருக்கிறாள். படிப்பில் இந்தப் பொறுப்பு இருந்திருந்தால் 541 ஏன் 580 ஆகியிருக்காது?

மே 22, வியாழன்

"அம்மா, மூடி போட்டதுல எல்லாம் ஆவி போகவே மாட்டீங்குது. நா ஒரு வாரமா ஒரு சொட்டு ஊத்தல."

"வெயிலுக்கு இருக்கும்."

"வெயிலடிச்சா காயத்தான வேணும்?"

நான் இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். "உன்ற சித்தியக் கேளேன்" என்றேன்.

"அவங்களே வேல முடியலன்னு கவலையில இருக்காங்க. எதுக்கு இதையும் சொல்லிக்கிட்டு. என்ற பொறுப்பு, நானே பாத்துக்கறேன்."

எல்லா மூடிகளையும் பகலில் திறந்து வைக்கிறாள், ஈரம் போகட்டும் என்று. பெரியதை மட்டும் தொடவில்லை. தாளில் அப்படி எழுதியிருக்கிறதே. ஜன்னலுக்கு அருகே ஜாடிகளை நகர்த்துவதும், திரும்ப உள்ளே எடுப்பதுமாக இருக்கிறாள். இரண்டு தரம் மாடிக்குப் போய் அவளுக்கு மோர் கொடுத்தேன். இரண்டு தரமும் வாங்கிக் குடித்தாள், அம்மா கொஞ்ச நேரம் இரேன் என்றாள். இருந்தேன்.

மே 23, வெள்ளி

போனேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நேற்று அவள் 'கொஞ்ச நேரம் இரேன்' என்று சொன்னதாலோ என்னவோ.

மே 26, திங்கள்

மாடி அறையில் அழுகல் நாற்றம். திறந்த ஜாடிகளில் பாசி பழுப்பாகிவிட்டது. சில தண்டுகள் கூழாகி விழுந்து கிடக்கின்றன, அவற்றின்மேல் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை. இன்று ஊற்றும்போது எனக்கே அருவருப்பாக இருந்தது.

நாளையிலிருந்து போகப்போவதில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

மே 27, செவ்வாய்

காலை பதினோரு மணிக்கு மாடியிலிருந்து நிரு கூப்பிட்டாள். "அம்மா" என்றுதான். ஓடினேன். பெரிய ஜாடியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெரணி கறுத்து அப்படியே சரிந்திருந்தது, அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர்.

"நா இத தொடவே இல்லம்மா."

"தெரியும் கண்ணு."

"அப்பறம் எப்படி? வெயில்ல வெச்ச ஜாடியெல்லாம் பக்கத்துல தள்ளி வெச்சேன், அந்தச் சூட்டுல கெட்டுப்போச்சா? நாந்தான் ஏதோ பண்ணியிருக்கேன்."

பெரிய அழுகை. எட்டு வயதுப் பிள்ளை அழுகிற அழுகை. அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். எத்தனை வருஷமாயிற்று. "நீ ஒண்ணும் பண்ணல" என்று நாலைந்து தரம் சொன்னேன். அது உண்மைதானே.

மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம் வைத்து, நெய் ஊற்றி, உருட்டிக் கொடுத்தேன். சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், "நா அந்தக் காலேஜுக்குப் போகலம்மா. இருபத்திரண்டு செடிய மூணு வாரம் காப்பாத்தத் தெரியல. எனக்கெதுக்கு தோட்டக்கலை. நீ சொன்ன பி.காமே படிச்சுக்கறேன்."

அவசரப்படாதே என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது. எழுதுவது என் நோட்டில், யாருக்குப் பயப்பட வேண்டும்? சந்தோஷமாகத்தான் இருந்தது.

மே 30, வெள்ளி

மூன்று நாளாக நிரு கீழேதான் இருக்கிறாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடச் சொன்னாள். இருவரும் கடைவீதிக்குப் போய் கல்லூரிக்குப் போட நாலு சுடிதார் துணி எடுத்தோம். பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ரேணுகா இரண்டு தரம் போன் செய்தாள், இரண்டு தரமும் நிரு எடுக்கவில்லை. "என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது" என்கிறாள்.

இந்தப் பதினேழு வருஷத்தில் இவ்வளவு நல்ல வாரம் எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் அவள் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறாள். சின்னப் பிள்ளை, போகப்போக மறந்துவிடுவாள்.

ஜூன் 1, ஞாயிறு

ரேணுகா வந்துவிட்டாள்.

நிரு வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். மூவரும் மேலே போனோம். நான் போகாமல் இருந்திருக்கலாம். தங்கை எப்படி முகத்தை வைத்துக்கொள்கிறாள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

ரேணுகா ஒவ்வொரு ஜாடியாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். பெரிய ஜாடியிடம் வந்தாள். கண்ணாடியின் உள்பக்கம், தண்ணீர் இறங்கிய தடத்தில், வெள்ளை வெள்ளையாகத் திட்டு படிந்திருந்தது. நம் வீட்டுக் குளியலறை வாளியில் படியுமே, அதே திட்டு. மூடியைத் திறந்து, அதை விரலால் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். அரை நிமிஷம் இருக்கும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது சொல்லப்போகிறாள், சொல்லட்டும் என்று நின்றேன். திரும்பி நிருவைக் கட்டிக்கொண்டாள்.

"நிரு, தப்பு உன்றது இல்ல, என்றது. போன மாசம் எல்லா ஜாடிக்கும் புது உரம் போட்டேன். அளவு தெரியாம போட்டுட்டேன். அந்த உப்புத்தான் கண்ணாடியில பூத்திருக்குது. பெரிய ஜாடியையும் தெறந்து போட்டுட்டேன், உன்றகிட்ட சொன்னா நீ கோவிச்சுக்குவேன்னு சொல்லல. நீ ஊத்தியிருந்தாலும் ஊத்தாட்டியும் இது செத்திருக்கும்."

வாய்கூசாமல் பொய். அதுவும் என்ன அழகாக.

ஜூன் 2, திங்கள்

காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். ரேணுகா சமையலறைக்கு வந்து பக்கத்தில் நின்று, ஒரு கத்தியை எடுத்து அவளும் பீன்ஸ் நறுக்கினாள்.

"அக்கா, நா யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல."

"எத?"

"சரி. ஒண்ணுமில்ல."

"நீ பெரிய மனுசி ஆகறதுக்கு என்ற வீட்டு அடுப்படிதான் கெடச்சுதா?" என்றேன்.

கத்தியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒன்பது வருஷச் செடி போனதற்கு ஒரு வார்த்தை திட்டினாளா? திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், தீர்ந்திருக்கும். திட்டவும் மாட்டாள், காட்டிக்கொடுக்கவும் மாட்டாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நான் உடைத்த சாமானுக்கெல்லாம் அவள் அடி வாங்குவாள். அம்மா அவளை அடித்துவிட்டு, அப்புறம் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வாள். உடைத்தவளுக்கு அடியும் இல்லை, அம்மாவின் பக்கமும் இல்லை.

ஜூன் 4, புதன்

நிரு இன்னும் பி.காம். என்றுதான் சொல்கிறாள். அடுப்படியில் எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டே பேசினாள்.

"சித்தி உரம் போட்டேன்னு சொன்னது பொய்மா."

துருவல் தட்டை நான் இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். "உனக்கெப்படித் தெரியும்?"

"சித்தி அளவு தப்பிப் போடற ஆளா? நா கெடுத்தத மறைக்கறதுக்கு அவங்க பழிய ஏத்துக்கறாங்க. எவ்ளோ ஆசையா வெச்சிருந்தாங்க அந்த ஜாடிய. ஒரு வார்த்த திட்டலம்மா. அவங்க மாதிரி ஒருத்தர நா பாத்ததே இல்ல."

இது எப்படி இருக்கிறது? செய்தவள் நான். செத்தது இருபத்திரண்டு. என் மகள் என் வழிக்கு வந்துவிட்டாள், நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் மனசில் உயரப் போய் உட்கார்ந்திருப்பது ரேணுகா. நான் பதினோரு நாள் மாடி ஏறி இறங்கியது தங்கைக்குக் கோயில் கட்டத்தானா?

நிரு பிறகு ஒன்று சொன்னாள். "பி.காம்னா செடி எதையும் தொட வேண்டியதில்லல்ல. அதான் நல்லது. நா தொட்டா செத்துருது."

சொல்லும்போது அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் அரைத்த சட்னியில் உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை.

ஜூன் 5, வியாழன்

மாலை நாலு மணிக்குச் சொன்னேன். அவள் ஹாலில் சுடிதார் துணிக்கு அளவு எழுதிக்கொண்டிருந்தாள். ரேணுகா மாடியில் ஜாடி கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளையின் கை மேல் இருந்த பழியைத் துடைக்கத்தான் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி அதுதான். மீதிப் பாதி, நான் செய்ததை ரேணுகா தன்னுடையது என்று வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மகளை எடுத்துக்கொண்டாள், அம்மாவை அந்தக் காலத்திலேயே எடுத்துக்கொண்டாள், இப்போது என் குற்றத்தையும் எடுத்துக்கொண்டு நல்ல பேர் வாங்குகிறாள். அதையாவது எனக்கு விடட்டும் என்று தோன்றியது.

"நிரு, அந்த ஜாடியெல்லாம் நான் கெடுத்தது. நீ நீச்சலுக்குப் போனப்பறம் தெனமும் மாடிக் கொழாய்ல புடிச்சு ஊத்துனேன். உன்ற சித்திக்குத் தெரியும். பாத்த ஒடனே கண்டுபுடிச்சுட்டா."

பென்சிலை வைத்தாள். "உப்புத் தண்ணியா?"

"ஆமா."

"எத்தன நாள்?"

"பதினோரு நாள்."

"பெரிய ஜாடியுமா?"

"அதத்தான் மொதல்ல."

ஏன் என்று கேட்பாள் என்று பதிலெல்லாம் வைத்திருந்தேன். கேட்கவில்லை. அவள் முகத்தில் அது ஒவ்வொன்றாகச் சேர்வது தெரிந்தது. மோர், மடி, அரிசிம்பருப்புச் சாதம், கடைவீதி, பேருந்து. எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்கிறாள். எனக்கு அவற்றையாவது விட்டுவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது. சுடிதார் துணிகளை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தும்போது சத்தம் வரவில்லை. அறைந்து சாத்தியிருக்கலாம்.

ஐந்து மணி, ஆறு மணி. இவர் வந்தார், என்ன வீடு அமைதியாக இருக்கிறது என்றார். காபி கொடுத்தேன்.

ஆறே முக்கால் இருக்கும். என் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. தோட்டக்கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கான ஓ.டி.பி. ஆறு எண்கள். பத்து நிமிஷத்துக்குள் போட வேண்டும்.

அறைக் கதவு திறந்தது. நிரு நிலைப்படியிலேயே நின்றாள். கண் வீங்கியிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள்.

"நம்பர் சொல்லு" என்றாள்.

சொன்னேன். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. நாலாவது எண்ணை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பிட மாடிக்குப் போய்விட்டாள். மேலே இருவர் குரலும் கேட்கிறது.

தொடர்புக்கு வீட்டுப் பெரியவர் யார் எண்ணைக் கொடுப்பது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருக்கும். ரேணுகாவின் எண்ணைப் போட்டிருக்கலாம். அவள் மாடியில்தான் இருந்தாள், கேட்டிருந்தால் ஓடி வந்து சொல்லியிருப்பாள். என் எண்ணைத்தான் போட்டிருக்கிறாள். நான் சொன்னதற்கு அப்புறம் போட்டது.